அவளுக்குப் பல் கட்டிய வருடம்

என் மனைவிக்கு முன்பல் இரண்டும் போய் ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அந்த ஒன்பது வருடமும் எங்கள் சபையில் ஞாயிறுதோறும் பாடம் வாசித்தவன் நான். அவளுக்குப் பல் போகாமல் இருந்திருந்தால் என்னை யாரும் அந்தப் பக்கமே கூப்பிட்டிருக்க மாட்டார்கள். இதை இன்றைக்கு நானே எழுதுகிறேன். அன்றைக்கு எவனாவது முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

பாடம் வாசிப்பது ஒன்றும் பிரமாதமான காரியமில்லை. ஆராதனையில் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவே முன்னால் போய் நின்று, அன்றைக்குக் குறித்திருக்கும் வேதப்பகுதியைச் சத்தமாக வாசிக்க வேண்டும். ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் இராஜபாளையத்தில் எங்கள் சபையில் அந்த ஐந்து நிமிடத்துக்கு ஒரு தனி மரியாதை. மில் முதலாளி, வாத்தியார், பேண்டேஜ் கம்பெனியில் நாள் கூலிக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஒரே ஆளைப் பார்ப்பார்கள். வெளியே வந்ததும் நாலு பேர் கையைப் பிடிப்பார்கள். அந்த ருசி பட்டவனுக்குத்தான் தெரியும்.

பல் போவதற்கு முன்னால் அந்த இடம் அவளுடையது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த இரண்டாம் வருடமே அவளை வாசிக்கச் சொல்லிவிட்டார்கள். தேவதானத்துப் பக்கம் பிறந்தவள், பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். நானோ பட்டப்படிப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்கு எதிரே மனு டைப் செய்யும் கடை வைத்திருப்பவன். அடித்த மனுவைக் கட்சிக்காரருக்கு வாசித்துக் காட்டுவதுதான் நாள் முழுக்க என் பிழைப்பு. பாகப்பிரிவினையோ ஜீவனாம்சமோ, நான் வாசித்தால் எதிரே இருப்பவன் தலையை ஆட்டிக்கொண்டே கையெழுத்துப் போடுவான். அப்பேர்ப்பட்டவன் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அவள் எழுந்து போய் வாசிப்பாள். எனக்கு அப்போதே உள்ளுக்குள் லேசாகப் புகைந்ததுதான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அவள் வாசிப்பதில் வித்தை எதுவும் கிடையாது. குரலை உயர்த்த மாட்டாள், கையை ஆட்ட மாட்டாள். பக்கத்து வீட்டில் காலையில் நடந்ததை வந்து சொல்வது மாதிரி வாசிப்பாள். கேட்கிறவர்களுக்கு "ஐயையோ, அப்புறம் என்னாச்சு?" என்று இருக்கும். நூறு தடவை கேட்ட பகுதியாகத்தான் இருக்கும், இருந்தாலும் அப்படித்தான் இருக்கும்.

ஒருநாள் பேண்டேஜ் கம்பெனி வேலைக்குப் போகும்போது டவுன் பஸ் டிரைவர் போட்ட பிரேக்கில், முன்சீட்டு இரும்புக் கம்பியில் அவள் வாய் மோதியது. மேல்வரிசை முன்பல் இரண்டும் போய்விட்டன. கழற்றி மாட்டுகிற பல்செட் ஒன்று செய்து வாங்கினோம். ஈறில் பிங்க் நிறத் தகடு, அதில் இரண்டு பல், பக்கத்துப் பல்லைப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. சாப்பிடும்போது ஆடும், தும்மினால் நகரும். அதை வைத்துக்கொண்டும் மூன்று ஞாயிறு வாசித்தாள். நாலாவது ஞாயிறு, வாசித்துக்கொண்டிருக்கும்போதே அது கழன்று புத்தகத்தின் மேல் விழுந்தது. மைக் இருந்ததால் விழுந்த சத்தம் கடைசி பெஞ்சுவரை கேட்டது. பின்னால் ஏதோ ஒரு சின்னப் பிள்ளை களுக்கென்று சிரித்தது. அவள் அதை எடுத்து முந்தானையில் சுருட்டிக்கொண்டு, பக்கவாசல் வழியே வெளியே போனாள்.

நான் எழுந்து போனேன். அவள் பின்னால் இல்லை, மைக்குக்கு. விட்ட இடத்திலிருந்து மீதியை வாசித்து முடித்தேன். ஆராதனை முடிந்ததும் போதகர் என் தோளைத் தட்டி, "பெஞ்சாதி பட்ட வெக்கத்தை நீங்க தாங்கிட்டீய" என்றார். உச்சி குளிர்ந்துபோனது எனக்கு. வெளியே வேப்பமரத்தடியில் அவள் ஒற்றையாக நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு அவளைக் கேட்டார்கள். முடியாது என்றாள். என்னைக் கேட்டார்கள். ஒரு பேச்சுக்காவது "அவளுக்குச் சரியாகட்டும், பொறவு பாப்போம்" என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பல்செட்டைத் தொடவே இல்லை. பேசும்போது முந்தானை வாய்க்குப் போய்விடும். சிரிப்பு வந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் வெங்காயம் உரித்துக்கொண்டே என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். நான் நடுக்கூடத்தில் நின்று வாசிக்க வேண்டும்.

"அங்க ஏன் நிறுத்துதீய? மூச்சு வாங்குத இடமா அது?" என்பாள்.

"கமா இருக்குட்டி."

"கமா இருந்தா? அவன் அழுதுகிட்டே ஓடுதான். ஓடுதவன் கமா பாத்தா நிப்பான்? கோர்ட்ல நோட்டீஸ் வாசிக்கிற மாதிரி வாசிக்காதீய."

எனக்குச் சுர்ரென்று வரும். "அப்ப நீயே வாசி" என்று புத்தகத்தை அவள் முன்னால் வைப்பேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு இரண்டு வரி வாசிப்பாள். த வர வேண்டிய இடத்தில் காற்றுத்தான் வரும். ஸ வர வேண்டிய இடத்தில் விசில் அடிக்கும். அப்படியும், சத்தியமாகச் சொல்கிறேன், அப்படியும் என்னைவிட நன்றாக இருக்கும். பல்லே இல்லாத வாயைப் பார்த்து வயிறு எரிந்தவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மறுநாள் அவள் சொன்ன மாதிரியே வாசிப்பேன். "அண்ணாச்சி, இன்னைக்கு அந்த இடத்துல நிறுத்தாம போனீய பாருங்க, கண்ணு கலங்கிட்டு" என்பார்கள். "எல்லாம் ஆண்டவர் கிருபை" என்பேன். வெங்காயம் உரித்தவளைப் பற்றி ஒரு வார்த்தை வாயிலிருந்து வராது. ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட வந்ததில்லை.

இப்படி வண்டி ஓடிக்கொண்டிருந்தபோதுதான், சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்தில் ஒருநாள், "நான் ஸ்க்ரூ போட்டுப் பல்லு கட்டப் போறேன்" என்றாள். கம்பெனியில் கூட வேலை பார்க்கும் ஒருத்தியின் அக்கா கட்டியிருக்கிறாளாம். எலும்பிலேயே ஸ்க்ரூவை இறக்கி, அதன் மேல் பல்லை வைப்பார்களாம். ஆடாதாம், கழலாதாம், சொந்தப் பல் மாதிரியே இருக்குமாம். டாக்டர் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறாராம். பணமும் அவளே சேர்த்து வைத்திருந்தாள்.

"இந்த வயசுல என்ன, முறுக்கு கடிக்க ஆசை வந்துட்டா?" என்று கேலி செய்தேன்.

"ஆமா, முறுக்குத்தான்" என்றாள்.

நான் அதை நம்பினேன். சமைப்பதும் தின்பதும் தவிர அவளுக்கு வேறு ஆசை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த ஆஸ்பத்திரி ஒரு பால்கோவாக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே பால் காயும் வாடை படிக்கட்டு வரைக்கும் வரும். டாக்டர் சின்ன வயசுப் பெண், எங்கள் மகள் வயதுதான் இருக்கும். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப வருஷம் விட்டுட்டீங்கம்மா. பல்லு இல்லாத இடத்துல எலும்பு தேஞ்சு போயிருக்கு. அதுல எலும்புத் தூள் வச்சு ஸ்க்ரூ போடணும். டைட்டானியம் ஸ்க்ரூ. அது எலும்போட சேர நாலஞ்சு மாசம் ஆகும். பொறவுதான் மேல பல்லு" என்றார். பிறகு சும்மா பேச்சுக்கு, "இத்தனை வருஷம் பேசாம இருந்துட்டு இப்ப எதுக்கு அவசரம்?" என்று கேட்டார்.

"எனக்குப் பாடம் வாசிக்கணும் டாக்டர்" என்றாள் என் மனைவி.

பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. டாக்டருக்கு என்ன பாடம் என்று புரியவில்லை. இவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு விளக்கமாகச் சொன்னாள். புத்தகத்தின் மேல் பல் விழுந்ததையும் சொன்னாள். அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தாள். என்னிடம் ஒன்பது வருடமாக அந்த ஞாயிறைப் பற்றி ஒரு சொல் பேசாதவள், முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் சிரித்துச் சிரித்துச் சொல்கிறாள். கடைசியாக, "இப்ப இவிய வாசிக்காவ. நல்லாத்தான் வாசிக்காவ" என்றாள். அந்த "தான்" எனக்குள்ளே போய்த் தைத்தது.

நான் மனு எழுதுகிறவன். வார்த்தைக்கு எனக்குப் பஞ்சமில்லை. மனத்தாங்கல், வருத்தம், சங்கடம் என்று எது வேண்டுமானாலும் போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் எனக்கு அன்றைக்கு வந்தது அசல் பொறாமை. வீட்டுக்குள் இருந்தே ஒருத்தி என் இடத்தைப் பிடுங்க வருகிறாள், அதுவும் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டே வருகிறாள் என்று நினைத்தேன். அது முதலில் யாருடைய இடம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

ஸ்க்ரூ போடுகிற நாளும் வந்தது. ஒன்றரை மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே மிஷின் சத்தம் கேட்கும்போதெல்லாம் பாவமாக இருந்தது, அது மெய்தான். சத்தம் நின்றதும் மறுபடி அந்த "நல்லாத்தான்" ஞாபகம் வரும். அவளை வெளியே கூட்டி வந்தார்கள். மேலுதடு வீங்கியிருந்தது. தையல் போட்ட இடத்தில் காஸ் துணியை மடித்து வைத்துக் கடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். பேச முடியாது என்பதால் டாக்டர் என்னிடம்தான் சொன்னார்.

"சார், ஒரு மணி நேரம் இந்தத் துணியை எடுக்கக் கூடாது. துப்பக் கூடாது. கை வச்சுத் தொடவே கூடாது. அவங்களுக்கு மருந்து மயக்கம் இருக்கும், நீங்கதான் பாத்துக்கணும்."

"நான் பாத்துக்கிடுதேன் டாக்டர்" என்றேன்.

இங்கே அவளுடைய வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்பெனியில் அவள் செக்கிங். புண்ணுக்கு வைக்கும் காஸ் துணியை வெட்டி மடித்து அனுப்புவார்கள். அவள் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வெட்டிய ஓரம் எல்லாம் மடிப்புக்குள்ளே போயிருக்க வேண்டும். ஓரம் வெளியே நின்றால் நூல் பிரிந்து புண்ணில் ஒட்டிக்கொள்ளும், அதனால் அதைத் தள்ளிவிடுவாள். இருபத்திரண்டு வருடம் இதே வேலை. வழியில் கட்டுப் போட்ட ஆள் யாரையாவது பார்த்தால் முதலில் கட்டைப் பார்ப்பாள், பிறகுதான் ஆளைப் பார்ப்பாள். ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரர் முழங்காலில் போட்டிருந்த கட்டைப் பிரித்துத் திரும்பக் கட்டிவிட்டுத்தான், "எப்படி விழுந்தீய?" என்றே கேட்டாள்.

இராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவள், பக்கத்தில் நான். மதிய நேரம், கூட்டம் இல்லை. பஸ் ஊரைத் தாண்டியிருக்கும், அவள் வாய்க்குள் நாக்கு எதையோ துழாவுவது கன்னத்தில் தெரிந்தது. நூல் பட்டிருக்க வேண்டும். புருவத்தைச் சுருக்கினாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு முந்தானையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, இரண்டு விரலை வாய்க்குள் விட்டு அந்தத் துணியை வெளியே எடுத்தாள்.

எனக்கு டாக்டர் சொன்னது காதிலேயே நின்றது. கை வச்சுத் தொடவே கூடாது. "ஏட்டி, வையிட்டி உள்ள" என்று சொன்னால் போதும். இல்லை, கையைப் பிடித்தால் போதும்.

நான் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் இன்னொன்று முந்திக்கொண்டது. கெட்டுப் போகட்டுமே என்று நினைத்தேன். இதை வேறு எப்படியும் அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கெட்டுப் போகட்டுமே, எப்படியும் அவளே எடுத்ததுதானே, நானா எடுத்தேன் என்றுதான் நினைத்தேன். தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

முழுக்க மூடவில்லை. இமைக்கு நடுவே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மடியில் வைத்து அந்த ரத்தத் துணியை விரித்தாள். வெட்டு ஓரம் வெளியே நின்றது. தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டாள். கம்பெனியில் தப்பாக மடித்தவளைப் பார்த்து ஆட்டுவாளே, அதே ஆட்டல். சற்று முன்பு பஸ் கம்பியைப் பிடித்து ஏறிய அதே கையால், ஓரமெல்லாம் உள்ளே போகும்படி கச்சிதமாக மடித்து, மறுபடி வாய்க்குள் வைத்து அழுத்திக் கடித்துக்கொண்டாள். நான் இறங்குகிற வரைக்கும் கண்ணைத் திறக்கவில்லை.

நாலாவது வாரம் ஒரு பக்கத்து ஈறு வீங்கிச் சீழ் வைத்தது. டாக்டர் பார்த்துவிட்டு, ஒரு ஸ்க்ரூ எலும்பில் பிடிக்கவில்லை, எடுத்தாக வேண்டும் என்றார். எடுத்தும் விட்டார். புண் ஆறி, எலும்பு தேறின பிறகுதான் திரும்பப் போட முடியும். இன்னொன்று தப்பித்தது.

என் மனைவி ஒளிக்கவில்லை. "நான்தான் டாக்டர் பஸ்ல துணியை எடுத்துட்டேன். மடிப்பு சரியில்ல. நூலு நாக்குல பட்டுகிட்டே இருந்துச்சு" என்றாள்.

டாக்டருக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "வாயில வச்ச துணிக்கு யாராவது செக்கிங் பண்ணுவாங்களாம்மா? அதனாலதான் இப்படி ஆச்சுன்னும் அடிச்சுச் சொல்ல முடியாது. எதுவும் பண்ணாமலே சில பேருக்கு எலும்பு சேராது" என்றவர், என் பக்கம் திரும்பினார். "நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க சார்? பாக்கலையா?"

"தூங்கிட்டேன் டாக்டர். அசதி" என்றேன்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் படி இறங்கினாள்.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் காலை ஆராதனைக்கு நான்தான் வாசித்தேன். புதுச்சட்டை, நிறைந்த கூட்டம், வெளியூரிலிருந்து வந்தவர்கள் வேறு. முந்தின நாள் சாயங்காலம் அவள் வழக்கம்போலக் கேட்டுத் திருத்தினாள். முன்பைவிடக் கூடுதலாகவே திருத்தினாள். என் வாழ்க்கையில் நான் வாசித்ததிலேயே அதுதான் உருப்படியான வாசிப்பு. மதுரையிலிருந்து வந்த ஒரு பெரியவர் கையைக் குலுக்கி, "குரல்னா இது குரல்" என்றார். பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் அந்தச் சந்தோஷம் என்ன விலைக்கு வந்தது என்று உறைத்தது. சீ என்று இருந்தது. ஆனாலும் அடுத்த ஞாயிறு வாசிக்கப் போகாமல் இருந்தேனா? அதுவும் இல்லை.

பங்குனி வெயில் தொடங்கியதும் மறுபடி ஸ்க்ரூ போட நாள் குறித்தார்கள். நான் கேட்காமலேயே, "வெள்ளிக்கிழமை கடையை அடைச்சிருங்க. நீங்கதான் கூட வரணும்" என்றாள். இந்தத் தடவை அறைக்குள் போகும் முன்பே டாக்டர் அங்கே வேலை பார்க்கும் பெண்ணைக் கூப்பிட்டு, "இந்தம்மாகிட்ட காஸ் மடிக்கக் கத்துக்கோ, இல்லேன்னா நம்ம மானத்தை வாங்கிருவாங்க" என்றார். என் மனைவி கையைக் கழுவி உறை மாட்டிக்கொண்டு, அந்தப் பெண்ணுக்கு இரண்டு துணி மடித்துக் காட்டிவிட்டுத்தான் நாற்காலியில் சாய்ந்தாள். அங்கேயும் அவள்தான் வாத்தியார், நான் பெஞ்சில். அந்த நேரத்திலும் ஒரு துளி எரிச்சல் எனக்கு வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் கையை என் கைக்குள் பிடித்துவைத்துக்கொண்டேன். பிடித்தது பாசமா பயமா என்று எனக்கே தெரியவில்லை. இராஜபாளையம் வந்து இறங்கியும், டாக்டர் சொன்ன ஒரு மணி நேரம் கழிகிற வரைக்கும் விடவில்லை. அவளும் இழுக்கவில்லை.

ஸ்க்ரூ இரண்டும் பிடித்துக்கொண்டன. மழைக்கு முன்னால் மேலே பல் வைத்தார்கள். பக்கத்துப் பல்லின் நிறத்தோடு ஒத்துப்போகும்படி, கொஞ்சம் மஞ்சள் கலந்து பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார் டாக்டர். கண்ணாடியைக் கையில் கொடுத்தார். அவள் சிரித்துப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் பார்த்த வாக்கிலேயே வாய்க்குள் எதையோ முணுமுணுத்தாள். பத்து வருடம் முன்னால் பாதியில் விட்டுப் போன அந்தப் பகுதி. த, த ஆக வந்தது. ஸ, ஸ ஆக வந்தது. எனக்கு மயிர் சிலிர்த்தது, கூடவே என் ஞாயிறு போயிற்று என்றும் பட்டது.

அசனப் பண்டிகை ஞாயிறு அவளை வாசிக்கச் சொன்னார்கள். எங்கள் சபையில் அன்றைக்குச் சாதியென்ன வசதியென்ன, எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சோறு தின்பார்கள், அதனால் வருடத்திலேயே பெரிய கூட்டம் அன்றுதான். சனிக்கிழமை சாயங்காலம் அவள் வாசித்துப் பார்ப்பாள், நான் திருத்தலாம் என்று காத்திருந்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தைத் தொடவே இல்லை.

போய் நின்றாள். முந்தானை தோளோடு நின்றது. கை வாய்க்குப் போகவில்லை. வாசித்தாள். நான் குறை பிடிக்கத்தான் உட்கார்ந்திருந்தேன். ஓர் இடத்தில் நிறுத்தினாள். நிறுத்தக் கூடாது என்று எனக்கு அவளே சொல்லிக் கொடுத்த மாதிரியான இடம். ஆகா, மாட்டிக்கொண்டாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் தலையைத் தூக்கிக் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். அந்த ஒரு நொடியில் என் பக்கத்தில் இருந்த மில் மேஸ்திரி மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. எந்த இடத்தில் எதற்காக நிறுத்துகிறாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு இத்தனை வருடம் சொல்லிக் கொடுத்தும் தெரியவில்லை. பொறாமையில் எனக்குக் காது அடைத்துவிட்டது.

பந்தியில் ஆளாளுக்கு வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். "அக்கா, இம்புட்டு நாளா இந்தக் குரலை எங்கக்கா ஒளிச்சு வச்சிருந்தீய?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்குப் பரிமாறிய ஆள், "அண்ணாச்சி, இனிமே உங்களுக்கு ஓய்வுதான்" என்று சிரித்துக்கொண்டே ஒரு கரண்டி குழம்பை ஊற்றினான். தின்றேன். உப்பு இருந்ததா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தோம். அவள் நல்ல சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். ஓரத்தோடு ஓரம் பொருத்தி, அவள் மடிக்கிற மாதிரிதான். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அன்னைக்கு பஸ்ஸுல நீ துணியை எடுத்தத நான் பாத்தேன்" என்றேன். "தூங்கல. பாத்துகிட்டேதான் இருந்தேன். வேணும்னே சொல்லல."

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"கல்யாணமாயி இருபத்தெட்டு வருசம் உங்ககூட பஸ்ல போயிருக்கேன். மெட்ராஸ் வரைக்கும் போயிருக்கோம். ஒரு நாளாவது பஸ்ல நீங்க கண்ணசந்திருக்கீயளா? டிரைவரு சரியா ஓட்டுதானான்னு நீங்கதான முழிச்சிருந்து பாப்பீய. அன்னைக்கு மட்டும் பட்டப்பகல்ல எங்கிருந்து வந்துச்சு தூக்கம்?"

"அப்ப அன்னைக்கே ஏன் டாக்டர்ட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்ல? எனக்குப் பல்லு முளைக்குறது என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கலைன்னா?"

சேலையை அலமாரியில் வைத்தாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்வாள் என்று எதிர்பார்க்க எனக்கு முகமும் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தெரிஞ்சுமா ரெண்டாவது தடவையும் என்னையவே கூட்டிட்டுப் போன?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். வாயை மறைக்காமல் பார்த்தாள்.

"வேற யாரைக் கூட்டிட்டுப் போவேன்?" என்றாள்.